போர்கா நேனியின் புருஷன்

மிச்சிகன் மாநிலத்தில் மதுவிலக்கு வந்த அன்று மதியம், அம்ப்ருஷ் விடா தன் கடைக் கதவைத் தானே பூட்டினான்.

டெட்ராய்ட் நகரின் தென்மேற்கு மூலையில், ஆற்றை ஒட்டிக் கிடந்த டெல்ரேயில் முக்கால்வாசிப் பேர் ஹங்கேரிக்காரர்கள். அங்கே அம்ப்ருஷின் மதுக்கடையைத் தெரியாதவர் கிடையாது. உப்பு ஆலையிலும் சலவை சோடா ஆலையிலும் வேலை முடித்து வருகிறவர்கள் வீட்டுக்குப் போகும் முன் அங்கேதான் ஏறுவார்கள். யாருக்கு வேலை வேண்டும், எவன் மகளை எவன் மகனுக்குக் கேட்கலாம், கப்பலில் வந்து இறங்கியவனை எங்கே தங்க வைப்பது எல்லாம் அந்தக் கடையில்தான் முடிவாகும். மீசையை மெழுகு வைத்து முறுக்கிவிட்டுக்கொண்டு, வெள்ளை ஏப்ரனோடு அம்ப்ருஷ் நடுவில் நிற்பான். வயதில் மூத்தவர்கள்கூட அவனைப் 'பாச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுப் பெரியவருக்குக் கொடுக்கிற மரியாதை அது.

அவன் மனைவி போர்கா பின்கட்டு அடுப்படியில் முட்டைக்கோஸ் வேகவைத்துக்கொண்டிருப்பாள். கடைக்குள் அவள் வந்து பார்த்தவர்கள் குறைவு.

"நாலு மாசம் தாங்காது இந்தச் சட்டம்" என்று சொல்லிவிட்டு அம்ப்ருஷ் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நாலு மாதம் போனது. வருஷம் போனது. பிறகு நாடு முழுக்கவே மதுவிலக்கு என்றார்கள். மற்ற கடைக்காரர்கள் எலுமிச்சைச் சாறு விற்றார்கள், ஐஸ்கிரீம் விற்றார்கள். அம்ப்ருஷ் மட்டும் தினமும் காலையில் மீசையை முறுக்கிக்கொண்டு இருட்டுக் கடைக்குள் போய் உட்கார்ந்திருந்தான்.

அந்த நாட்களில்தான் ஒரு நாள், துணி வேகவைக்கிற செம்பு அண்டாவின் மூடியில் போர்கா ஒரு குழாயைப் பொருத்தினாள். உலர்ந்த பிளம் பழத்தை ஊறப்போட்டுக் காய்ச்சினாள். முதல் தடவை வந்ததை அம்ப்ருஷ் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதை ஊத்தி விளக்கு எரிக்கலாம்" என்றான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை காய்ச்சியதைக் குடித்தபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும்படியாக அதில் ஒரு குறையும் இல்லை.

பழைய வாடிக்கைக்காரர்கள் அடுப்படி வாசல் வழியாக வரத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில், "பாச்சி இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கேள்வி நின்றுபோனது.

*

தன் இடம் கைமாறிவிட்டது என்பது அம்ப்ருஷுக்கு உறைத்தது முடிதிருத்தும் கடையில்தான்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. டெஜோவின் கடையில் நல்ல கூட்டம். அம்ப்ருஷ் நுழைந்ததும் டெஜோ, பாதிச் சவரத்தில் இருந்தவனை எழுப்பிப் பக்கத்து முக்காலிக்கு மாற்றினான்.

"நீங்க வந்து உக்காருங்க பாச்சி."

அம்ப்ருஷுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. "பரவால்ல டெஜோ, வரிசைப்படியே வரட்டும்."

"அட, போர்கா நேனியோட புருஷன் வரிசையில நின்னாருன்னு நாளைக்கு யாராவது போய் அவங்க காதுல போட்டா, என் கடை இருக்குமா?"

கடையே சிரித்தது. எழுப்பப்பட்டவன் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு சிரித்தான்.

போர்கா நேனி. அதுவரை பாட்டிமார்களைத்தான் அந்த ஊர் நேனி என்றது. போர்காவுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. கழுத்தில் கத்தி ஓடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அம்ப்ருஷ் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காசை நீட்டியபோது டெஜோ வாங்கவில்லை.

*

போர்காவிடம் ஒரு மூளை இருந்தது. அடுப்படியில் இருந்த காலத்தில் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. காய்ச்சுவது மெதுவான வேலை என்பது அவளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா. அங்கே அசல் விஸ்கி மலை மாதிரி அடுக்கிக் கிடந்தது. கொண்டுவருவதற்குப் படகுக்காரர்கள் ஏராளம். கொண்டுவந்ததை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாரும் மாட்டினார்கள். ஒரே கிடங்கில் அடுக்குவார்கள், போலீஸ் ஒரே நாளில் அள்ளிக்கொண்டு போகும்.

போர்கா தன் சரக்கைத் தெருப் பெண்களிடம் பிரித்துக் கொடுத்தாள். ஆலையில் புருஷனைப் பறிகொடுத்தவள், குடிகாரனைக் கட்டிக்கொண்டவள், ஆறு பிள்ளைக்காரி என்று ஒவ்வொருத்தி நிலவறையிலும் உருளைக்கிழங்குக் குவியலுக்குப் பின்னால் இரண்டு மூன்று பெட்டிகள். வாரம் தவறாமல் அவர்களுக்குக் கூலி. முதன்முதலில் சம்மதித்தவள் எடெல்கா. போர்காவோடு ஒரே கப்பலில் வந்த சிநேகிதி. எடெல்கா தலையாட்டியதும் தெருவே தலையாட்டியது. எந்த போலீஸ் எத்தனை வீட்டு அடுப்படியைப் புரட்டிப் பார்க்கும்? அதிலும் பாதிப் போலீஸ்காரர்கள் கிறிஸ்துமஸுக்குப் போர்கா அனுப்பிய வாத்தைத்தான் வறுத்துத் தின்றார்கள்.

ஐந்தாறு வருஷத்தில் ஆற்றோரத்துத் திருட்டு மதுக்கூடங்களில் பாதி அவளிடம் சரக்கு எடுத்தன. அவளுக்கு ஆட்கள் இருந்தார்கள், லாரிகள் இருந்தன. பெட்டி திருடிய லாரிக்காரன் ஒருவனின் கையைக் காரின் கதவில் வைத்து நசுக்கச் சொன்னாள். பிறகு வைத்தியரையும் அவளே அனுப்பினாள். அன்று சாயங்காலம் அவள் எப்போதும் போலக் கசகசா நூடுல்ஸ் கிண்டியதை அம்ப்ருஷ் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பயமாக இருந்தது. அதைவிட, தன்னால் அப்படி ஒருநாளும் முடிந்திருக்காது என்ற நினைப்புதான் குடைந்தது.

அவள் அவனை ஒதுக்கவில்லை. ஜெஃபர்சன் சாலையில் பெரிய மதுக்கூடம் ஒன்றைத் திறந்தபோது, "நீ வந்து நில்லு அம்ப்ருஷ். உன் முகத்துக்காகவே நாலு பேரு வருவான்" என்றாள்.

"பொண்டாட்டிக்கு சர்வர் வேலையா?"

"எனக்குன்னு ஏன் பாக்கறே? நமக்குன்னு பாரு."

"எனக்குன்னு ஒரு கடை இருக்கு" என்றான். பூட்டின கடை.

அதற்குப் பிறகு அவள் அவனைக் கூப்பிடவில்லை. அந்த இடத்தில் லூசியான் வந்து உட்கார்ந்தான்.

லூசியான் அக்கரையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரன். கோடையில் படகும், ஆறு உறைந்த பிறகு, ஐஸ் உடைந்தால் வெளியே குதிக்கத் தோதாகக் கதவைக் கழற்றிய பழைய ஃபோர்டு காரும் ஓட்டுவான். ஆற்றில் ஐஸ் எங்கே தாங்கும் எங்கே உடையும் என்று அவனுக்கு உள்ளங்காலிலேயே தெரியும் என்பார்கள். மதியம் வருவான். அடுப்பை ஒட்டிய நாற்காலியில், அம்ப்ருஷ் உட்காருகிற நாற்காலியில், கேட்காமல் உட்காருவான். அவனுக்கு ஹங்கேரியன் தெரியாது, அவளுக்கு பிரெஞ்சு தெரியாது. இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம். மிச்சத்தைக் கையால் பேசினார்கள்.

ஒருநாள், சுங்கப் படகு மணல்திட்டில் ஏறி மாட்டிக்கொண்ட கதையைத் தட்டிலிருந்த முட்டைக்கோஸ் உருண்டையையும் கரண்டியையும் வைத்து நடித்துக் காட்டினான். போர்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்ப்ருஷ் வாசலில் நின்றிருந்தான். அவன் சொல்கிற கதைகளுக்கு ஒரு காலத்தில் கடையே அதிர்ந்தது. இவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படியில் நின்றவளுக்கு அந்தக் கதைகள் கேட்டிருக்குமா என்று அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவள் லூசியானுக்கு உள்ளே ஓநாய்த்தோல் வைத்துத் தைத்த கோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் அம்ப்ருஷ் வாயைத் திறந்தான்.

"என் கோட்டு மாதிரியே அவனுக்கு ஒண்ணு எதுக்கு?"

"உன்னுது மாதிரி இல்ல. உன்னுதவிட ஒசத்தி."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஐஸ் மேல போறவனுக்குக் குளிரும். அடுப்பாண்ட உக்காந்து மீசை முறுக்கறதுக்கு எதுக்குக் கோட்டு?"

"ஊரு என்ன பேசுதுன்னு தெரியுமா உனக்கு?"

"ஊரு பேசுதா, நீ பேசறியா?" என்று கேட்டுவிட்டு அவள் ரொட்டியை அறுத்தாள்.

ஊர் பேசவில்லை. அது அவனுக்கும் தெரியும். போர்கா நேனியைப் பற்றி அப்படிப் பேசுகிற தைரியம் ஊரில் எவனுக்கும் இல்லை. யாராவது பேசியிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எல்லாவற்றையும் அவன் ஒருத்தனே தனக்குள் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. துணி துவைக்கப் போட்டால் அவள் கழுத்துப்பட்டையை முகர்ந்து பார்த்தான். அவள் கொண்டை ஊசி தரையில் கிடந்தால், எப்போது விழுந்தது, எதனால் விழுந்தது என்று யோசித்து ஒரு பகலைக் கழித்தான்.

*

ஐஸ் மேல் வண்டி போகிற தடத்தை லூசியான் தேவதாருக் கிளைகளை நட்டு அடையாளம் வைத்திருப்பான். ஐஸ் மாற மாற கிளையையும் மாற்றுவான். சோடா ஆலையின் வெந்நீர் ஆற்றில் விழுகிற வளைவில் மட்டும் எந்தக் குளிரிலும் ஐஸ் தடிக்காது. மேலே பனி மூடிக்கிடக்கும்போது அங்கேயும் மற்ற இடம் மாதிரியேதான் தெரியும்.

மாசிப் பனியில் ஒரு மதியம். சரக்கு சாயங்காலம் வருகிறது என்று அடுப்படியில் பேச்சு அடிபட்டது. அம்ப்ருஷ் தூண்டிலையும் கோடரியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினான். ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகிற ஆள் மாதிரி. பஞ்சு பஞ்சாகப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டின தூரத்தில் ஆள் இல்லை.

ஒவ்வொரு கிளையாகப் பிடுங்கினான். வளைவுப் பக்கமாக நகர்த்தி நட்டான். நட்ட குழியில் வாளித் தண்ணீரை ஊற்றினான், கிளை அசையாமல் உறைந்தது. பழைய குழியிலும் ஊற்றி மேலே பனியைத் தள்ளினான். சரக்கு மூழ்கும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டான். பிரெஞ்சுக்காரன் நனைந்த கோழி மாதிரி வந்து நிற்பான். அவனுக்கு ஐஸ் தெரியும் என்கிற பேச்சு அன்றோடு போகும். ஆழம் என்ன என்று அவன் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்கப் பாடுபட்டான் என்பதுதான் சரி. பல வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் கைக்கு வேலை கிடைத்த மாதிரி இருந்தது. காலையில் கடையைத் திறந்து நாற்காலிகளை இழுத்துப் போட்ட நாட்களின் சுறுசுறுப்பு அவன் உடம்பில் வந்திருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஐஸ் உடைந்து கார் ஆற்றுக்குள் போனது.

லூசியானை நாலு பேர் அடுப்படிக்குத் தூக்கி வந்தார்கள். உதடு நீலமாகியிருந்தது. அவனோடு காரில் இருந்த தம்பி அர்மான் வரவில்லை. கோடையில் ஒருநாள் அர்மான் இதே அடுப்படியில் சாப்பிட்டுவிட்டு, அம்ப்ருஷின் மீசையைக் காட்டி, "எனக்கு வயசானா இப்படித்தான் வெக்கப்போறேன்" என்று சொல்லியிருந்தான். அவனை ஆறு கொண்டுபோய்விட்டது.

போர்கா தரையில் உட்கார்ந்து லூசியானின் பூட்ஸைத் தானே பிடித்து இழுத்துக் கழற்றினாள். அவன் தம்பி பெயரைச் சொல்லிச் சொல்லி ஒரு மிருகம் மாதிரி கத்தினான். அத்தனை ஆண்கள் நின்று பார்க்க, அவள் அவன் தலையை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அம்ப்ருஷ்தான் கம்பளி எடுத்து வந்து கொடுத்தான். ஒரு மனிதன் செத்திருந்தான், அவனைக் கொன்றது தான்தான் என்பது அம்ப்ருஷுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனாலும் அவன் கண் போனது லூசியானின் ஈரத் தலைமுடிக்குள் நுழைந்திருந்த போர்காவின் விரல்களிடம்தான்.

"கிளை..." என்றான் லூசியான், பல் தந்தியடிக்க. "யாரோ மாத்தி நட்டிருக்காங்க."

"ஹார்கன்!" என்றான் ஒருத்தன். ஹார்கன் கீழ்க்கரை ஊரில் சரக்குக் கடத்துகிறவன். போர்காவின் வாடிக்கைகளைத் தட்டிப் பறிக்க இரண்டு வருஷமாக முட்டிக்கொண்டிருந்தான்.

போர்கா நிமிர்ந்து பார்த்தாள். "யாராவது கண்ணால பாத்தீங்களா?"

அம்ப்ருஷ் பேசினான்.

"மத்தியானம் மீன் பிடிக்கப் போனேன். ஹார்கன் ஆளுங்க ரெண்டு பேரு ஆத்துல திரிஞ்சாங்க."

அவள் அவனை நேராகப் பார்த்தாள். வெகுநாளைக்கு அப்புறம் அவன் சொல் ஒன்றை அவள் எடுத்துக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் அவனுக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

*

அந்த வாரமே ஹார்கனின் லாரிக் கொட்டகை எரிந்தது. விடியலில் சேதி வந்தபோது போர்கா ரொட்டியில் பன்றிக்கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தாள். சேதி கொண்டுவந்தவன் டெஜோ. கடைக்கு வருகிறவர்கள் வாயிலிருந்து எல்லாம் முதலில் அவனிடம்தான் போகும். அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"கொட்டகை முழுசாப் போச்சு நேனி. லாரியும் போச்சு."

"சரி. போ."

"காவலுக்கு ஆள் இருந்திருக்கு. வெளிய வர முடியல."

"ஹார்கன் ஆளு, ஹார்கன் அழட்டும்."

"நம்ம வெண்டெல் நேனி. எடெல்காவோட புருஷன்."

கத்தி மேசைமேல் விழுந்தது. "உளறாதே. வெண்டெலுக்கு அங்க என்ன வேலை?"

"போன வாரம்தான் சேந்தாராம். எடெல்காவுக்கே தெரியாது. சோடா ஆலைல நுரையீரல் போனதுலேருந்து வீட்லயே இருந்தாருல்ல. பொண்டாட்டி கையை எதிர்பாக்க வேணாம்னு..." டெஜோ முடிக்கவில்லை. ஒரு தடவை அம்ப்ருஷைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

போர்கா அன்றே எடெல்கா வீட்டுக்குப் போனாள். அம்ப்ருஷும் கூடப் போனான். சாவு வீட்டு வழக்கப்படி கண்ணாடியை எல்லாம் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். எடெல்கா எழுந்திருக்கவில்லை.

"எடெல்கா, எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. உன் பிள்ளைங்க இனிமே என் பிள்ளைங்க. நீ ஒண்ணுக்கும்..."

"அவருக்கு வெக்கம்" என்றாள் எடெல்கா. குரல் உயரவே இல்லை. "எனக்கு நீ குடுக்கற காசுல வாங்கின ரொட்டியைத் தின்ன வெக்கம். அதனாலதான் அங்க போய் நின்னாரு. நான் உன் பெட்டியைத் தூக்கித் தூக்கி வெச்ச கையாலதான் அவரு போயிட்டாரு போர்கா. போ. எந்திரிச்சுப் போயிடு."

அந்தத் தெருவில் வருஷக்கணக்காக யாரும் அவளை நேனி சேர்க்காமல் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கவில்லை.

வெண்டெலைப் புதைத்த மறுநாள் காலையில், எடெல்கா தன் நிலவறையிலிருந்த விஸ்கிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வாசல் நடைபாதையில் வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எதிர்வீட்டுக்காரி கொஞ்ச நேரம் ஜன்னலில் நின்று பார்த்தாள். பிறகு அவள் கதவு திறந்தது. அவள் வீட்டு வாசலிலும் இரண்டு பெட்டிகள். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. கறுப்புச் சால்வை போர்த்திய பெண்கள் பேச்சில்லாமல் வந்தார்கள், வைத்தார்கள், போனார்கள். ஒருத்தியும் ஒரு பாட்டிலை உடைக்கவில்லை. மதியத்துக்குள் தெருவின் இரண்டு பக்கமும், கோயில் வரைக்கும், வெயிலில் பெட்டிகள் வரிசையாக நின்றன. டிராம் வண்டி நின்றது. வேறு பேட்டைகளிலிருந்து ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். வாத்து தின்ற போலீஸ்காரர்களால் இனி கண்ணை மூடிக்கொள்ள வழியில்லை.

போர்கா வெளியே வந்து அந்தத் தெருவில் நடந்தாள். கோடி வரை போய்த் திரும்பி வந்தாள். ஒரு கதவும் திறக்கவில்லை. அவள் ஆட்கள் ஓடியிருந்தார்கள். வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து, "ஒரு தம்ளர் தண்ணி கொண்டா அம்ப்ருஷ்" என்றாள். அவன் கொண்டுவந்தான். போலீஸ் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமான புதிதில் உட்கார்ந்தது போல.

நீதிமன்றத்தில் அவள் எவன் பெயரையும் சொல்லவில்லை. "நான்தான் எரிக்கச் சொன்னேன்" என்று மட்டும் சொன்னாள். நெடுங்காலத் தண்டனை விழுந்தது.

*

மாதத்துக்கு ஒரு ஞாயிறு, அம்ப்ருஷ் மீசைக்கு மெழுகு போட்டு, கோட்டைத் துடைத்து மாட்டிக்கொண்டு ரயிலேறிப் பெண்கள் சிறைக்குப் போனான். வெளியே யாரிடமும் சொல்ல முடியாத ஒரு நிம்மதி அவனுக்கு இருந்தது. இப்போது அவள் யாருக்கும் நேனி இல்லை. அவளைப் பார்க்க வருகிற ஒரே ஆள் அவன். அவள் அடுப்புப் புகைபோக்கியைப் பற்றிக் கேட்பாள், கூரை ஒழுகுகிறதா என்று கேட்பாள். ஒரு மனைவி கேட்கிற கேள்விகள். இரண்டு வருஷம் அப்படிப் போனது.

ஒருநாள் சிறைக் காவலாளி அம்மாள் அவன் கையிலிருந்த பொட்டலத்தைச் சோதித்துக்கொண்டே, "நீங்களும் மீனா? போன வாரம் வந்தவரும் புகைபோட்ட மீன்தான் கொண்டுவந்தார். ஆத்துக்கு அந்தப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷன், எப்ப வந்தாலும் எனக்கும் ஒண்ணு வெச்சிருப்பார்" என்றாள்.

எப்ப வந்தாலும்.

அவன் பொட்டலத்தை மேசைமேல் போட்டுவிட்டுப் போர்காவின் எதிரில் உட்கார்ந்தான்.

"அவன் இங்க வர்றானா?"

"வர்றான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ இப்படிக் கத்துவேன்னுதான்."

"பெரிய ஆத்து ராஜா! ஊரே தூக்கி வெச்சு ஆடுச்சே, உள்ளங்கால்லயே ஐஸ் தெரியும்னு. குழியில வாளித் தண்ணி ஊத்தி உறைய வெச்சா, பழைய குழி எது, புதுக் குழி எதுன்னு தெரியாத முட்டாள்! தம்பியைக் கொண்டுபோய்..."

அவனே நிறுத்திக்கொண்டான். பக்கத்து மேசையில் ஒரு குழந்தை எதற்கோ அழுதது.

"தண்ணி ஊத்துனதை எவனும் சொல்லல" என்றாள் போர்கா. "லூசியானுக்கே தெரியாது. அடுத்த வாரம் ஐஸ் உடைஞ்சு போயிடுச்சு. யாரும் போய்ப் பாக்கல."

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அர்மான். வெண்டெல்" என்றாள். ஏதோ தொலைவில் நிற்கிறவர்களைக் கூப்பிடுவது மாதிரி. பிறகு, "கேளு. இத்தனை வருஷமா தொண்டையில வெச்சிருக்கியே, அதைக் கேட்டுடு."

"நீயும் அவனும்..."

"இல்ல."

அவன் நிமிர்ந்தான்.

"ஒரு தடவைகூட இல்ல. நெனச்சிருக்கேன். அவன் அந்த நாற்காலியில உக்காந்து சாப்பிடறப்ப நெனச்சிருக்கேன். ஆனா இல்ல. கடையைப் பூட்டின அன்னிக்கு நீ அடுப்படிக்கு வந்து, 'இப்ப என்ன பண்ணலாம் போர்கா'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அந்த நெனப்புகூட வந்திருக்காது. நீ சாவியைப் பையில போட்டுக்கிட்டு இருட்டுல போய் உக்காந்துட்டே."

"போர்கா..."

"அவன்கிட்ட சொல்லமாட்டேன். பயப்படாதே." அவள் எழுந்தாள். "உனக்காக இல்ல. சொன்னா அவன் உன்னைக் கொன்னுட்டு ஆயுசுக்கும் ஜெயில்ல கிடப்பான். அவன் ஏன் கிடக்கணும்? இனிமே வராதே அம்ப்ருஷ்."

திரும்பி வரும் ரயிலில் அவன் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தான். இரண்டு சாவுக்குத் தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்து அழ முயன்றான். அழுகை வரவில்லை. தன் உயிர் இன்னும் உடம்பில் இருப்பது அந்தப் பிரெஞ்சுக்காரன் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்கிற ஒரே எண்ணம் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது. இந்த நேரத்திலும் இப்படியா என்று தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

*

மதுவிலக்கு ஒருவழியாக எடுபட்டது. அம்ப்ருஷ் லைசென்ஸ் வாங்கிக் கடையைத் திறந்தான். ஆலைக்காரர்கள் மறுபடி வந்தார்கள், மறுபடி 'பாச்சி' என்றார்கள். வெள்ளை ஏப்ரனோடு நடுவில் நின்றான். அவன் ஆசைப்பட்ட எல்லாம் அப்படியே திரும்பி வந்திருந்தது. ஆனால் இரண்டாவது தம்ளரில் யாராவது ஒருத்தன் ஆரம்பித்துவிடுவான்: "நேனி காய்ச்சுவாங்களே ஒரு பிளம் சரக்கு, அது மாதிரி வராது பாச்சி."

தண்டனை முடிந்து வந்த போர்கா டெல்ரேக்கு வரவில்லை. ஆற்றைத் தாண்டிப் போய், அக்கரையில் கூலிக்காரர்களுக்குச் சோறு போடுகிற ஒரு விடுதியை எடுத்து நடத்தினாள். அங்கிருந்து யார் வந்தாலும் அம்ப்ருஷ் ஒரு தம்ளர் இலவசமாக ஊற்றி, பேச்சோடு பேச்சாக விசாரிப்பான். லூசியான் அங்கேதான் சாப்பிடுகிறான் என்று ஒருத்தன் சொல்வான். அவன் வடக்கே எவளையோ கட்டிக்கொண்டு போய்விட்டான் என்று இன்னொருத்தன் சொல்வான். முதல் சேதி வந்த நாட்களில் அவன் தூங்கமாட்டான். இரண்டாவது சேதியை அவன் ஒருநாளும் நம்பியதில்லை.

கடையைத் திறந்த ஐந்தாவது வருஷம், பீப்பாயை உருட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அடக்கப் பூசைக்குப் போர்கா வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைப் படகில் கூட்டி வந்த லூசியான் உள்ளே வராமல், கோயில் கதவுக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அம்ப்ருஷ் உயிரோடு இருந்திருந்தால் அதைத்தான் முதலில் பார்த்திருப்பான். போர்கா நடுவழியில் நின்று எங்கே உட்காருவது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் இருந்த எடெல்கா திரும்பிப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள், பிறகு தன் சால்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு நகர்ந்தாள்.